நிறுத்திய இன்ஜின்

கல்லூரியில் படித்தபோது, எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் சாலை அது. நிற்கும் நேரத்தில் இன்ஜினை நிறுத்தினால் கரியமில வாயு குறையும் என்று நோட்டீஸில் எழுதியிருந்தோம்.

நரைத்த மீசை வைத்த ஒரு டிரைவர் மட்டும் அதை முழுவதும் படித்தார். படிக்கும்போதும் அவருடைய இடது கை ஈரத்துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்தபடியே இருந்தது.

"இந்தப் பொகையா ஒலகத்தையே சூடாக்குது?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

உடனே இன்ஜினை நிறுத்தினார்.

வரிசை நகர்ந்தபோது வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு, ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. முந்தின நாளிலிருந்து காத்துக் கிடந்த இடம் போய்விட்டது.

"பேட்டரி வீக்குன்னு தெரியும்மா" என்றார்.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"நீ சொன்னது நாயமா கீது. அதான். வெயிலு ஏறுது, நீ வூட்டுக்குப் போம்மா."

நான் போகவில்லை. பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளவும் முடியாது. மெக்கானிக் வரும்வரை பக்கத்தில் சும்மா நின்றேன்.

இப்போது பள்ளியில் கரியமில வாயுவைப் பற்றிய பாடத்தை நான்தான் நடத்துகிறேன். வீக்கான பேட்டரியோடு அவரைப் போல ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால், உடனே "ஆமாங்க" என்று சொல்லலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.