தம்பிக்கு எந்தப் பட்டன்?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் கடைக் கணக்கை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் காய்ச்சலே வந்திருக்கலாம்... இரண்டு நாள் படுத்தாவது கிடந்திருப்பேன்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பொன்னமராவதியில் ஒரு பம்ப்செட் கடை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பி முருகேசனும் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறார்கள். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து கம்பெனிக்காரர்களோடு பேசுவார். தம்பி மோட்டாரைப் பிரிப்பார், எரிந்த காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றுவார், தோட்டத்துக்கே போய் போர்வெல்லில் இறக்கிக் கொடுப்பார். நான் பேப்பரில் எழுதுகிறவள். ஆகவே கம்ப்யூட்டர் தெரிந்தவள். இந்த 'ஆகவே' எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து ஆடிட்டர்தான் ஆரம்பித்து வைத்தார். "பில்லுக் கட்டையெல்லாம் இனிமே பஸ்ல குடுத்து விடாதீங்கம்மா. கிளவுட் சாஃப்ட்வேர் போட்டுருங்க. நீங்க அங்கிட்டு பில் போட்டா நான் இங்கிட்டு பாத்துக்கிருவேன். ரெண்டு மணி நேர வேலைதான்."

ரெண்டு மணி நேரமா? நான்கு நாள்!

முதல் நாள் முழுக்க சாமான்களுக்குப் பெயர் வைத்தேன். கம்பெனி பில்லில் அதற்கு ஒரு கோட் நம்பர். என் வீட்டுக்காரர் வாயில் ஒரு பெயர். முருகேசன் வாயில் வேறு. வாங்க வருகிறவரோ கையை மடக்கிக் காட்டி "இந்த மாதிரி வளைஞ்சிருக்குமே, அது" என்பார். இதில் எதை ஏற்றுவது? இரண்டாம் நாள் எல்லாவற்றையும் எக்செல்லில் அடித்து மொத்தமாக ஏற்றினேன். 'இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் பிழை' என்றது. என்ன பிழை? சொல்லவில்லை. அரை நாள் தேடினேன். ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தது — அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக அரை நாள் போனது.

மூன்றாம் நாள் நெட் போனது. நான்காம் நாள் நான் போயிருந்தேன். உட்கார்ந்திருந்தது என் உடம்பு மட்டும்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் வைத்து சாஃப்ட்வேர் கடைசியாகக் கேட்டது: ஓனர் யார்? ஒரே ஒரு கட்டம். ஒரே ஒரு பெயர்.

"யார் பேரைப் போட?" என்றேன்.

"என் பேருதான், வேற யாரு?" என்றார் என் வீட்டுக்காரர். பைப் கம்பெனிக்காரரோடு போனில் பேசிக்கொண்டே சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பதிலே இல்லை, இருமல் மாதிரி ஒரு சத்தம். மூலையில் முருகேசன் குனிந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அடுத்தது, மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். அட்மின், அக்கவுண்டன்ட், ஸ்டாஃப், வியூவர் — நான்கு பட்டன்.

"தம்பிக்கு எதைங்க போட?"

"பில்லு போடணும்ல... எதையாவது போடு."

ஸ்டாஃப் என்றால் பில் போடலாம் என்று எழுதியிருந்தது. அமுக்கினேன். முருகேசன் நம்பரைக் கொடுத்தேன். அப்பாடா என்று லேப்டாப்பை மூடினேன்.

மறுநாள் காலையில் முருகேசன் கடைக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடை ஷட்டரைத் தூக்குகிறவர் அவர்தான். என் வீட்டுக்காரர் தானே தூக்கினார், முதுகைப் பிடித்துக்கொண்டார். "எங்கயாச்சும் போர் வேலை இருக்கும்" என்றார்.

பத்து மணிக்கு ஒரு விவசாயி வந்தார். மோட்டார் புகைந்துவிட்டது, கடலைக்குத் தண்ணீர் விட்டு வாரமாகிறது, செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது என்றார். முகத்தில் பதற்றம். போர் எத்தனை அடி, உள்ளே கிடக்கிற மோட்டார் என்ன ரகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. நான் நான்கு நாள் ஏற்றிய சாஃப்ட்வேருக்கும் தெரியாது. தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, ஓனர் நீங்க. சாஃப்ட்வேர்ல பாருங்க" என்றது முருகேசன் குரல். போன் கட்டாகிவிட்டது.

விவசாயி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

"முருகேசன் நம்பர் எங்கிட்டயும் இருக்கு, பேசிட்டேன். மூணு ஹெச்பி, பத்து ஸ்டேஜ் மோட்டாரு எடுத்துக்கிட்டு வரச் சொன்னாப்ல. நேரா தோட்டத்துக்கு வந்து எறக்கிக் குடுத்துர்றேன்னாப்ல. எடுங்க சீக்கிரம்."

அண்ணன்மேல் அவ்வளவு கோபம். ஆனால் கடலைச் செடி என்ன செய்தது? அந்த மனிதர் அப்படித்தான்.

சாயங்காலம் நான் முருகேசன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, என் ஓரகத்தி செல்வி "வாங்கக்கா" என்றாள், எப்போதும்போல் காபி போடப் போகவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "மெசேஜு இங்கிலீஷ்ல வந்துச்சுக்கா. மகதான் படிச்சா. 'அப்பா, பெரியப்பா உங்கள வேலைக்கு எடுத்திருக்காரு'ன்னா. வெளையாட்டாத்தான் சொன்னா. இவுக சாப்புட்டுக்கிட்டு இருந்தாக. அப்புடியே கையக் கழுவிட்டாக."

நான் அமுக்கிய பட்டன்.

"நான்தான் தம்பி போட்டேன்" என்றேன் முருகேசனிடம். "நாலு நாளா உக்காந்து மண்டை காஞ்சு போயி, என்ன செய்றேன்னு தெரியாமப் போட்டுட்டேன். ஓனர் பேரையே மாத்திருவோமா? ஒங்க பேரைப் போடவா?"

"அதெல்லாம் வேணாம் மதினி. ஓனருன்னு அண்ணன் பேரே இருக்கட்டும். அதுல எனக்கு வருத்தமில்ல." தோட்டத்துச் சேறு இன்னும் காலில் காயாமல் இருந்தது. "தம்பிய என்னன்னு போடணும்னு நீங்க கேட்டீங்க. எதையாவது போடுன்னாரு. நானும் அங்கதான உக்காந்திருந்தேன்? இந்தப் பக்கம் திரும்பி, என்னடா போடன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நானும்தானே கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கும் எனக்கும் நடுவில் நான்கு அடி தூரம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் முதலில் எகிறினார். "பத்திரத்துல ரெண்டு பேரும் சரிபாதி பார்ட்னரு. சாஃப்ட்வேர்ல என்ன இருந்தா என்ன?"

"பத்திரம் பீரோவுல இருக்குங்க. மெசேஜு அவர் மக கையில இருக்கு."

எகிறியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த லேப்டாப்பக் கொண்டா" என்றார். நான் மாற்றித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. ஒற்றை விரலால் தட்டினார். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டார், மறுபடியும் தப்பாகப் போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டாஃப் போய் அட்மின் வந்தது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து சொன்னது ஒரே வரி: "செல்வி காபி குடுத்துச்சு."

மறுநாள் காலையில் முருகேசன் வந்து ஷட்டரைத் தூக்கினார்.

கடைக்கு, வீட்டுக்கு என்று இப்போது எத்தனையோ ஃபார்ம் நிரப்புகிறோம். ஒவ்வொன்றும் நம்மை அவசரப்படுத்துகிறது — சீக்கிரம் சொல், இவர் யார், ஒரு பட்டனை அமுக்கு. களைப்பில் நாமும் அமுக்கிவிடுகிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்க எத்தனை நேரமாகும்? எக்செல்லில் ஒரு ஸ்பேஸைத் தேட எனக்கு அரை நாள் இருந்ததே...

முந்தாநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முருகேசன் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். அட்மின் என்பதால், ஸ்டாக் குறைகிற ஒவ்வொரு சாமானுக்கும் அவருக்கு ஒரு மெசேஜ் வருகிறதாம். விடிந்ததிலிருந்து முப்பத்தேழு.

"பேசாம ஸ்டாஃப்பாவே இருந்திருக்கலாம் மதினி" என்றார்.

சிரிக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்.