மதகடியில் திரும்பும் பாதை

தர்மராஜ் ஓட்டும் பஸ் திருப்போரூரில் காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகிற கம்பெனி பஸ். பதினோரு வருஷமாக அதே பஸ், அதே ஐந்து நிறுத்தங்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டினால் ஓர் ஏரி வரும். மதகை ஒட்டி இடதுபக்கம் ஒரு மண்பாதை பிரிந்து, கரைமேல் கொஞ்சதூரம் போய், இரண்டு பாறைக் கரடுகளுக்கு நடுவே மறைந்துவிடும்.

போகும்போது நாலு விநாடி, வரும்போது நாலு விநாடி அந்தப் பாதை தெரியும். முன்னால் லாரி போனால் அதுவும் இல்லை. ஞாயிறு ட்யூட்டி விழும் நாட்களில், தலைக்கவசம் மாட்டிய சைக்கிள்காரர்கள் வரிசையாக அதில் திரும்புவதைக் கண்ணாடியில் பார்ப்பார். அவர்கள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்ப்பார்.

முன் இருக்கைக்காரரான ஹரிகிருஷ்ணன் அவர்களில் ஒருவர். தெற்கத்திக்காரர்.

"அந்தப் பாதைல போயி மேட்டுல ஏறி நின்னா கடல் தெரியும் அண்ணாச்சி."

"கடல் எங்க கீது, நாம எங்க கீறோம். வுடாத சார்."

"சத்தியமா. சூரியன் வந்ததும் ஒரு பத்து நிமிஷம். வெள்ளிக் கம்பி போட்ட மாதிரி. அப்புறம் மூட்டம் மூடிக்கிடும்."

தர்மராஜுக்குக் கடல் புதிதல்ல. மாமல்லபுரத்துக்கு எத்தனையோ கும்பலைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அவர்கள் அலையில் நிற்கும்போது இவர் பஸ்ஸுக்குள் தூங்குவார். அது பஸ் போகிற கடல். இது வேறு. தினமும் முதுகு காட்டிப் போகிற திசையில், இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாமல் இருந்த கடல்.

தை பிறந்ததும் மதகுக்கு அருகே மஞ்சள் தலை வைத்த கற்கள் முளைத்தன. மனைப்பிரிவுக்காரர்கள் திங்கட்கிழமை வேலி போடுவார்கள், பிறகு யாரும் உள்ளே போக முடியாது என்று ஹரிகிருஷ்ணன் சொன்னார். இருந்தது ஒரே ஞாயிறு. வந்திருந்த கல்யாணச் சவாரியைத் தர்மராஜ் வேறு ஓட்டுநருக்கு விட்டுக்கொடுத்தார்.

"லீவு கெடச்சா தூங்குவியா, மேட்டுக்குப் போறியா?" என்றாள் மனைவி அம்சா.

"கடல் தெரியுதாம்."

"கடலாண்ட போனா இன்னும் நல்லாத் தெரியும்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். மகள் சஹானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்தார்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார். பஸ்ஸில் உட்கார்ந்து தெரியாத ஏற்றங்களெல்லாம் தொடையில் தெரிந்தன. முதல் நிறுத்தத்தில் கால் தானாக ஊன்றியது. ஒரு நிமிஷம் நின்று போனார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில், ஞானதாஸின் டீக்கடை எதிரே, மணி பார்த்தார். ஐந்து நாற்பத்தைந்து. அங்கே பஸ் எடுக்கும் நேரம் ஐந்து ஐம்பத்தைந்து. நேரத்துக்கு முன் வண்டியை எடுக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. கடைசி ஆளாக ஓடிவரும் சுஜாதா வருகிறாளா என்று எதிர்ச் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஞானதாஸ் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, பஸ்சு மழைல நனைஞ்சி சுருங்கிப்போச்சா? யாருக்கு வெயிட்டிங்கு?"

அப்போதுதான் தர்மராஜ் ஹாண்டில்பாரைப் பார்த்தார். மணி ஐந்து ஐம்பத்து நாலு.

மதகடியில் கசிவு நீரில் பாதை எப்போதும் சேறு. டயர் வழுக்கி, நிமிர்ந்து, உள்ளே போனது. ஏரிக்கரை அவர் நினைத்ததைவிட நீளம். நாமக்கோழிகள் கோரைக்குள் ஓடின. கரடுகளுக்கு நடுவே பாதை மறையவில்லை. வளைந்து ஏறியது, அவ்வளவுதான். பாதிக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். பக்கத்துக் கரட்டின் உச்சியில் வெயில் விழுவதைப் பார்த்ததும் ஓடினார். சைக்கிளோடு ஐம்பது வயது எவ்வளவு ஓடுமோ அவ்வளவு.

மேட்டில் இரண்டு சைக்கிள்காரர்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்கே மனைகள், பனைகள், செல்போன் கோபுரம். அதற்கப்பால் பால் கொட்டியது போல வெளுப்பு.

"இப்பத்தான் சார் போச்சு. பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கணும்," என்றார் ஒருவர். கல்பாக்கத்து ஜான்சன் என்று பெயர் சொன்னார். போனை நீட்டினார். "படம் எடுத்திருக்கேன், பாருங்க."

"வேணாம் சார்."

அவர்கள் போன பிறகும் அந்த வெளுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரிடத்தில் அது கொஞ்சம் கெட்டியாக இருப்பது போலத் தோன்றியது. அதுவாக இருக்கலாம். வெயில் சுட்டதும், மேட்டின் மறுபக்கம் இறங்கி ஊர்வழியாக வீடு வந்தார்.

"தெரிஞ்சுதா?" என்றாள் அம்சா.

"ஸ்டாப்புல நின்னுட்டேன்."

அவள் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை சுஜாதா வழக்கம்போலக் கடைசியாக ஓடிவந்து ஏறினாள். "சாரிண்ணா, லேட்டாயிடுச்சி."

"நேத்தும் உனக்காக நின்னேம்மா."

"நேத்து ஞாயித்துக்கெழமைண்ணா!"

"ஆமா," என்று கியரைப் போட்டார்.

மதகடியில் சிமெண்டுக் கம்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் லாரி எதுவும் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் நாலு விநாடி முழுசாகக் கிடைத்தது. சைக்கிள்காரர்களின் அகலத் தடங்கள் சேற்றில் போயும் வந்தும் பின்னிக்கிடந்தன. ஓரமாக ஒரு மெல்லிய தடம், இலவச சைக்கிளுடையது, உள்ளே போயிருந்தது. திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை.