கிருபாகரன் இறக்கி வைத்த சத்தம்

கிருபாகரன் மாஸ்டர் இறந்த செய்தி, கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பேருந்தில் எனக்கு வந்தது. எங்கள் பழைய குழுவின் டிரம்மர் சேகர்தான் போனில் பேசினான். "மாஸ்டர் தவறிட்டாருக்கா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான்" என்றான். "சரிப்பா" என்றேன். அழுகை வரவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொல்கிறார்கள். அவருடைய இன்னிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த ஒரே பெண் நான். அன்று எனக்கு வேறு ஊரில் கச்சேரி இருப்பதால் எழுதி அனுப்புகிறேன். அவரை அறிந்தவர்கள் வாசித்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரும் கிட்டார்தான், பெரிய வாசிப்புக்காரர். ஒரே ஒரு சுரத்தை அவர் இழுத்துப் பிடித்தால், பந்தலின் கடைசி வரிசையில் கதை பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடுவார்கள். எப்படி இந்த டோன் வருகிறது என்று கேட்டால், "டோன் வெரல்ல இருக்கு பாப்பா, பெட்டியில இல்ல" என்று ஆம்ப்ளிஃபயரைக் காட்டிச் சொல்வார். கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லப் போகிறீர்கள். நானும் அதை நம்பியவள்தான்.

என் கிட்டாரில் சத்தம் சோகையாக வரும். ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். கம்பி மாற்றினேன், வயர் மாற்றினேன். "கை பலம் பத்தல" என்றார். விரல் நுனி வெடிக்கும்வரை சாதகம் செய்தேன். குளத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரியில் நான் வாசித்து முடித்ததும் அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம பாப்பா கிட்டாருக்கு இன்னும் சாப்பாடு போடல போல" என்றார். பந்தலே சிரித்தது. முன்வரிசையில் என் அப்பா இருந்தார். அவரும் சிரித்தார்.

பிறகு கிட்டாரைத் திருச்சியில் பழுது பார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்தவுடனே கேட்டார்: "இந்தப் பிக்கப்ப யாரும்மா இவ்வளவு எறக்கி வச்சது?" பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தப் பட்டை. கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். "கம்பிக்குப் பக்கத்துல இருந்தாத்தானே வாங்கும்?" என்றபடி இரண்டு பக்கத்துத் திருகுகளையும் முடுக்கி அதை மேலே ஏற்றினார். வாசித்தேன். அதே விரல்கள்தான். கடை முழுக்கச் சத்தம் நிறைந்தது.

ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும், "கொண்டா, சுதி சேத்துத் தாரேன்" என்று என் கிட்டாரை வாங்கிக்கொண்டு போனவர் மாஸ்டர் மட்டும்தான்.

நேரே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஒன்னயப் பாக்கத்தான் கூட்டம் வருது பாப்பா, கேக்க வரல. நீ கிட்டாரோட நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அடுத்த கச்சேரி இலுப்பூர்த் திருவிழாவில். அவர் கையை நீட்டியபோது, "நானே சேத்துக்கிறேன் மாஸ்டர்" என்றேன். என் முறை வந்ததும் வாசித்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு கை தட்டியது. மாஸ்டரும் சிரித்தபடி தட்டினார். வேனில் ஏறும்போது, "இனிமே வராத" என்றார்.

அதோடு விடவில்லை. "அந்தப் பொண்ணு மேடையில சொன்னபடி கேக்காதுங்க" என்று விழாக் கமிட்டிகளிடமெல்லாம் சொல்லி வைத்தார். எனக்கென்று ஒரு குழு அமையும்வரை இந்த மாவட்டத்தில் ஒரு மேடையும் கிடைக்கவில்லை.

அவர் இழுத்துப் பிடித்த அந்தச் சுரம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன், அதைவிட நல்ல சுரத்தை நான் கேட்டதில்லை. கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அவர் கேட்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக நானாகக் கொடுக்கப் போவதில்லை.