பார்க்காத வேலையை விட்டது

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியை வைக்க எங்கள் வீட்டில் மேசை இல்லை. அம்மா அரிசி டிரம்மின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பழைய சேலையை மடித்து விரித்து, அதன் மேல் வைத்தாள். நான் அருப்புக்கோட்டையில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாட்களிலும் அது அங்கேதான் இருந்தது. பேட்டரி செத்துப்போனதால் எப்போதும் ஒயரோடுதான் இருக்க வேண்டும். கட்டிப்போட்டது மாதிரி. என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

திருச்சுழி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஓர் அறை வீடு, மேலே சிமெண்ட் ஷீட். அப்பா பந்தல்குடிப் பக்கம் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். அது இல்லாதபோது கருவேலம் வெட்டப் போவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. என்னை மட்டும் வெயிலுக்கு விடமாட்டார்கள். "நீ வெளிய வராதய்யா, கறுத்துப் போவ" என்பாள் அம்மா. விறகு தூக்க உதவிக்குப் போனால், "இதுக்கா படிச்ச?" என்று வழியில் கேட்பார்கள். வீட்டில் இருந்தால், "படிச்சு என்ன செய்யிறான்?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அந்த அறைக்குள் ஷீட் காய்கிற சூட்டில் நான் விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இணையத்தில் அந்தத் திட்டத்தைப் பார்த்தேன். வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை ஒரு பெரிய ஆன்டெனா பதிவு செய்கிறது. அதற்குள் யாரோ அனுப்பியது போன்ற சமிக்ஞை இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு கணினியால் ஆகிற காரியமில்லை. ஆகவே பதிவைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நாம் உபயோகிக்காத நேரத்தில் நம் கணினி அந்தத் துண்டைச் சலித்துப் பார்த்து, விடையைத் திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது. சும்மா கிடப்பவனிடம் சும்மா கிடக்கும் கணினியைத்தானே கேட்கிறார்கள் என்று சேர்ந்துவிட்டேன்.

திரையில் பல நிறங்களில் கோடுகள் எழும்பி எழும்பி அடங்கும். செல்போன் வழியாகத்தான் இணையம். ஒரு துண்டு முடிந்து விடை போய்ச் சேரும்போது எனக்கு நெஞ்சு நிறையும். அந்த அறையிலிருந்து தினமும் வெளியே போய்வந்தது அது ஒன்றுதான்.

அம்மா ஒருநாள் சேலைக் கரையைப் பார்ப்பது போல அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னய்யா இது, காலையிலருந்து ஓடுது?"

"அமெரிக்காவுல ஒரு இடத்துலருந்து கணக்கு அனுப்புறாகம்மா. இது போட்டுக் குடுக்கும்."

"என்ன கணக்கு?"

"வானத்துல நம்மள மாதிரி வேற யாரும் இருக்காகளான்னு தேடுற கணக்கு."

"இருந்தா?"

"இருந்தா தெரியும்."

"சம்பளம்?"

"அதெல்லாம் இல்லம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் என் சிக்கல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மில்லுக்குப் போனாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஆரம்பத்தில் கையில் ஒன்றும் வராது, டிரைனிங் என்பார்கள். சம்பளம் இல்லை என்று நான் சொன்னதுதான் அம்மாவுக்கு உறுதியான சாட்சியாகிவிட்டது. மறுநாளே வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி மடிக்கணினியின் பக்கம் திரும்பியது. "பாவம், சூடாகுதுல்ல" என்றாள். அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து வேர்க்க வேர்க்கத் தரையில் படுப்பார். விசிறியைத் திருப்ப மாட்டார்.

ஊருக்குள் நான் அமெரிக்க வேலையில் இருப்பவனானேன். மறுத்துச் சொன்னால் தன்னடக்கம் என்றார்கள். எதிர்வீட்டு அக்கா தன் மகனையும் சேர்த்துவிடச் சொன்னாள். "யாரு வேணும்னாலும் சேரலாம்க்கா, கம்ப்யூட்டர் இருந்தாப் போதும்" என்றேன். "சேத்துவிட மனசில்லன்னா நேரா சொல்லு தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நேரத்தில் கல்லூரித் தோழன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். வார்ப்பு ஆலை ஒன்றில், இரும்பைச் சோதிக்கும் பிரிவில் அவன் பக்கத்திலேயே ஓர் இடம் காலி. "ஏலே, திங்கக்கிழமை வந்து நிக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாக. வாரியா, இல்லையா?"

வாரேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நிழல்ல ஒக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு இரும்புப் பட்டறைக்குப் போறேங்கிற. ஒரு வீட்டுக்கு நான் ஒருத்தன் செமந்தது போதாதா?"

"இது வேலையே இல்லப்பா."

"எல்லாருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் தெரியும்."

சனிக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவர் வந்தது என்னைப் பார்க்க மட்டுமில்லை என்பது பழமும் பூவும் வாங்கி வந்ததிலேயே தெரிந்தது. அவர் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் நேராகப் போய் டிரம்முக்கு முன்னால் சம்மணம் போட்டார்.

"ஏன் மாப்ள, இதுல ஆளு சிக்கிருச்சுன்னா ஒனக்கு என்ன குடுப்பாக?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாக மாமா. பேரு போடுவாகளா இருக்கும்."

"பேரு போடுவாகளாம்க்கா!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "நீ எங்கயும் போகவேணாம். எம்பொண்ணக் கட்டிக்கிட்டு, அவளும் ஒன்னோட இப்படி வீட்டோட இருக்கணும்ங்கிறதுதான் எங்க ஆச."

அந்த அறைக்கு ஒரு கதவுதான். அதை மறைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். இன்னும் இருபது வருடம், விசிறி அந்தப் பக்கம் திரும்பியிருக்க, நானும் இன்னொருத்தியும் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. குனிந்து, அந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தினேன். கோடுகள் அடங்கிவிட்டன.

"என்ன மாப்ள, லீவு போட்டியா?" என்றார் மாமா.

சிரிப்பு வரவில்லை. இவர்களிடம் இது வேலையில்லை என்று நிரூபிக்க என்னால் ஒருநாளும் முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. வேலை என்றே இருக்கட்டும். வேலை என்றால் விடலாம். முக்கால்வாசி முடிந்திருந்த துண்டை ரத்து செய்தேன். நிரலையே கணினியிலிருந்து நீக்கினேன். அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போகப்போகிறது.

"விட்டுட்டேன்" என்றேன்.

"எதைய?"

"வேலைய."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தனை நாள் நான் சொன்னதில் அவர்கள் உடனே நம்பியது அந்த ஒன்றைத்தான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமா பழத்தை வைத்துவிட்டு, "கெடச்ச வேலைய ஒக்காந்த எடத்துலயே விடுறவனுக்கு…" என்று பாதியில் நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா கதவிலிருந்து நகர்ந்து வந்து விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "கோயம்புத்தூருக்கு எந்நேரம் பஸ்ஸு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மட்டும் ரோடு வரைக்கும் வந்தாள். நிறுத்தத்தில் வந்துதான் கேட்டாள்.

"அவுககிட்டச் சொல்லிட்டுத்தான விட்ட? சொல்லாம கொள்ளாம விட்டா அவுக பொழப்பு என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் முடிக்காம விட்டதை வேற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிருவாக."

"எந்த ஊரு வீட்டுக்கு?"

"தெரியாதும்மா. எந்த நாடுன்னே தெரியாது."

பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த வீட்டுப் பிள்ளையாச்சும் நெலச்சு நிக்கட்டும்" என்றாள்.

பஸ் வந்தது. பையை அவளே தூக்கி ஏற்றிவிட்டாள்.