அக்கா அனுப்பிய சர்க்கரை அளவு

அயர்லாந்துக்காரர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'கிராண்ட்' என்பார்கள். வந்த புதிதில், அமோகமாக இருக்கிறார்கள் என்றே பொருள் கொண்டேன். நான் நர்ஸாக வேலை பார்க்கும் இதயப் பிரிவில் ஒரு விவசாயி, முகமெல்லாம் வேர்த்திருக்க, "ஐயாம் கிராண்ட்" என்றார். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். மூத்த நர்ஸ் என்னைத் திரும்ப அழைத்து வந்தாள். "என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்பதுதான் அதற்கு அர்த்தம்" என்றாள். அவர் நெடுநாள் சர்க்கரைக்காரர். நரம்பு மரத்தவர்களுக்கு மாரடைப்பு வலிக்காமலும் வரும். அன்றிலிருந்து இங்கே யார் நலம் என்றாலும் நான் நம்புவதில்லை.

என் அக்கா ரூபி சொன்னதை மட்டும் நம்பினேன். அவள் எங்கள் ஊரான எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். அவளுக்கும் சர்க்கரை நோய் உண்டு; அளவு பார்க்கும் மெஷினை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் பார்த்து, படம் எடுத்து அனுப்புவாள். நூற்றுப் பத்து, நூற்றிருபது. உடன் வேலை செய்பவர்களிடம் பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையை எடுத்தாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வார்டில் சர்க்கரைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

சென்ற தீபாவளி சீசனில், நான் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது அழைத்தாள்.

"கம்பெனியில இருந்து நடந்து வர்றதுக்குள்ள மூச்சு வாங்குதுடி. வேர்த்து ஊத்துது."

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப வாய்வாத்தான் இருக்கும். சோடா குடிச்சிட்டுப் படு. எனக்கு பஸ் வந்திருச்சு."

இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாரியம்மாள்தான் ஆட்டோ பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாரடைப்பு வந்து இரண்டு நாளாகியிருந்தது. இதயத்தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. ஏழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரி பத்தைத் தாண்டியிருந்தது.

விடுப்பெடுத்து ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பற்றி அக்காவிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை ராத்திரி சாப்பிட மாட்டேன். நம்பர் நல்லா வந்தா நீ சந்தோசப்படுவியேன்னுதான்."

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. சோடா குடிக்கச் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியபின் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி வெளிநாட்டுல ஹார்ட் நர்ஸு. அவ போன்ல சொல்லித்தான் பிழைச்சேன்" என்றாள். ஆட்டோ பிடித்த மாரியம்மாளும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் மறுத்திருக்க வேண்டும். குனிந்து மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

எல்லோரும் போனபின் வாசலில் மாரியம்மாள் என் கையிலிருந்த மாத்திரைப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வேளைக்கு எடுத்துக் குடுக்க நான் இருக்கேன். நீங்க எப்ப ஊருக்குப் போறீக?"

நான் பிறந்த தெருவில் நின்றுகொண்டு, "புதன்கிழமை" என்றேன்.