ஆப்பரேஷன் ஆனவளுக்கு நிரோத் கிடையாது

குடும்பக் கட்டுப்பாட்டு வேலைக்கு வந்தவனுக்கு வெட்கம் ஒரே மாதத்தில் போய்விடும். குழப்பம் மட்டும் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும். என்னைப் போல நிரோத் ஆணுறைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! எண்பதுகளின் கடைசியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஒரு நாள் பாடம்

எய்ட்ஸ் என்று புதிதாக ஒரு நோய் வந்திருக்கிறதென்று எங்களைத் தென்காசிக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள். படுக்கையிலும் பரவுமாம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டாலும் பரவுமாம். போதை ஊசி போடுகிறவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து சந்தேகம் கேட்டேன். பாடம் நடத்திய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே நேத்துதாம்வே சொன்னாங்க. உக்காரும்."

கண்டவன் ஊசி

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டிய சுடலைமுத்து, முதுகு வலிக்கென்று ஆரம்பித்த ஊசியை விட முடியாமல் கிடந்தான். அடுத்தவன் ஊசியைத் தொடாதே என்று கெஞ்சினேன். "கண்டவன் ஊசியை நான் தொடுவேனா அண்ணாச்சி!" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மூட்டை தூக்கும் கூட்டாளி ஒருவன் வந்து கையை நீட்டினான். இவன் சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தான். அடப்பாவி, இது என்னடே என்று கத்தினேன். "இவன் கண்டவனா அண்ணாச்சி? ஒரே தட்டுல திங்குதோம்லா!"

குற்றாலத்துக்கு மட்டும்

சீசனில் குற்றாலத்துக்குக் காய்கறி ஏற்றிப் போனால் சுடலைமுத்து லாட்ஜில் தங்குவான். அங்கே பெண்களிடம் போவதையும் மறைக்கவில்லை. கை நிறைய நிரோத் கொடுத்தேன். அத்தனையும் தீர்த்துவிட்டு மறுபடி வந்து கேட்டான். பரவாயில்லையே என்று நினைத்து, வீட்டிலும் இதைத்தானே போடுகிறாய் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுல போட்டா அவளைச் சந்தேகப்படுத மாதிரி ஆயிரும்லா!"

சிவப்பு மை

அவன் பொண்டாட்டி பேச்சியம்மாள் ஒரு நாள் தனியாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷன் ஊசி போடுவது அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டில் நான் சொல்லித் திரிந்ததும் காதில் விழுந்திருக்கிறது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிரோத் கேட்டாள்.

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு பிள்ளைகள், போன வருஷம் கருத்தடை ஆப்பரேஷன். அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தது நானேதான். ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு நிரோத் கிடையாது என்பது எங்கள் வழக்கம். "ஒனக்குத்தான் ஆப்பரேஷன் ஆயிட்டேம்மா, இனி எதுக்கு?" என்று, நான்தான், இந்த வாயால்தான் சொன்னேன்.

அவள் நகரவில்லை. "பிள்ளை வராம இருக்க ஆப்பரேஷன் பண்ணுனீங்க, சரி. அவுக ஊசியில இருந்து எனக்கு நோய் வராம இருக்க என்ன பண்ணுவீங்க சார்?"

பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன் என்றாலும், நோயை விரட்ட ஊரெல்லாம் சைக்கிள் மிதித்தவன், அதற்குப் பயந்து வாசலில் வந்து நின்றவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தான் என்பதுதான் என் சர்வீஸின் லட்சணம்.