அக்கா பார்க்கப் போன மணல்

2009 கோடை முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து, தெற்கே மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. நான் லண்டனுக்கு வந்த வழியில், சகாராவில் இறந்துபோன என் நண்பனின் அக்கா.

அவன் இறந்ததை நான் இங்கே வந்து சேர்ந்த கிழமையே அவருக்குச் சொல்லியிருந்தேன். அழுதார். ஆனால் ஊரில் இருந்த தாய்க்கு மகன் ஏதோ ஒரு நாட்டுச் சிறையில், மறியலில் இருக்கிறான் என்றே பல வருடங்களாகச் சொல்லிவந்தார். அந்த வருடம் சண்டை முடிகிற தறுவாயில் வன்னியில் தாயும் ஷெல் விழுந்து போய்விட்டார். முகாமுக்குத் தப்பி வந்த ஒருவர் சொல்லித்தான் அதுவும் தெரியும்.

அக்கா சப்பாத்தைக் கழற்ற முன்னமே கைப்பையிலிருந்து ஒரு பளபளப்பான சுற்றுலாப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் அந்தி வெயிலில் சிவந்த மணல்மேடுகள், அவற்றின் விளிம்பில் வரிசையாக ஒட்டகங்கள். உள்ளே ஒட்டகச் சவாரி, பலகையில் மணலில் சறுக்குவது, கம்பளம் விரித்த கூடாரம், சூரிய உதயம்.

"அம்மா போயிட்டா. இனி ஆருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. தம்பி கிடக்கிற இடத்தைப் பாக்கப் போறன். நீயும் வந்து காட்டு."

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது மொறோக்கோ. நாங்கள் வந்தது அல்ஜீரியாப் பக்கத்தாலை."

"பக்கத்து நாடுதானே?"

"அங்கை இடம் எண்டு ஒண்டு இல்லை அக்கா. காத்தடிச்சா மேடு நகர்ந்திடும். நேற்றுப் பாத்தது இண்டைக்கு இராது."

"அப்ப எனக்கு எல்லாத்தையும் விபரமாச் சொல்லு. இவ்வளவு நாளும் செத்திட்டான் எண்டு மட்டும்தான் சொன்னனி."

சொன்னேன். முதலில் வெறும் கல்லுத் தரைதான். ஒரு மாலை திடீரென்று மணல்மேடுகள் தொடங்கின. வெயில் சாயச் சாய மஞ்சள் சிவப்பாகி, நிழல் விழுந்த பக்கம் ஊதாவாகியது. பிக்கப்பின் பின்பக்கத்தில் ஆட்களுக்கு மேல் ஆட்களாகக் குந்தியிருந்தோம். அவன் என் தோளில் தட்டி, "மச்சான், ஒரு கமரா இருந்திருக்கலாம்" என்றான்.

இதைக் கேட்டு அக்கா சிரித்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பெற்றோல் மணத்த தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தோம். அவனுக்கு மட்டும் வயிற்றால் போகத் தொடங்கி நிற்கவேயில்லை. மணலில் வண்டி புதையும்போதெல்லாம் இறங்கித் தள்ளவேண்டும். கடைசியாகப் புதைந்தபோது அவனால் எழும்ப முடியவில்லை. வண்டி நிழலில் கிடத்தினேன். நாங்கள் சக்கரத்தடியில் பலகை வைத்துத் தள்ளி முடிப்பதற்குள் அவன் போய்விட்டான். அதே பலகையால்தான் அவனைப் புதைக்கக் கிடங்கு வெட்டினோம். வெட்ட வெட்ட மணல் திரும்பச் சரிந்தது. சாரதி ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தான்.

"ஆழமா வெட்டினீங்களோ?"

"ஏலுமான அளவு, அக்கா."

அந்தச் சுற்றுலாப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "வருவியோ?" என்று கேட்டார்.

"என்னாலை ஏலாது."

"சரி. நான் தனியப் போறன்."

ஒக்டோபரில் போனார். திரும்பி வந்ததும் செவன் கிங்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. கமராவில் படங்களைக் காட்டினார். ஒன்றில் தலையில் நீலத் துணி கட்டி, ஒட்டகத்தின் மேல் சிரித்தபடி இருந்தார்.

"வழிகாட்டி சிரிக்கச் சொன்னவன். சிரிச்சன். என்னோடை வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் மேட்டிலையிருந்து சறுக்கி விளையாடிச்சினம். வடிவான இடம்தான் தம்பி. நீ சொன்ன நிறம் எல்லாம் அப்பிடியே இருக்கு. அதைப் பாக்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது."

"எல்லையையும் காட்டினவங்களோ?"

"கேட்டனான். வண்டி ஓட்டினவன் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினான். அங்காலையும் மணல்தான். என்ரை தம்பி அங்கை செத்தவன் எண்டு சொன்னன். இஞ்சை கனபேர் கிடக்கினம் எண்டான். எந்த நாட்டுப் பெடியன் எண்டுகூடக் கேக்கேல்லை."

தம்பிக்கு அந்திரட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்றார். அதுவரை செய்திருக்கவில்லை. செய்தால் அவன் செத்ததாகிவிடும் என்று விட்டிருந்தார். அடுத்த கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம்.

"என்ன திதி?" என்று ஐயர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பாலைவனத்தில் எங்களில் ஒருவருக்கும் நாள் தெரிந்திருக்கவில்லை.

"தெரியாது ஐயா."

"அப்ப அமாவாசையிலை செய்யலாம். வேறை ஆருக்கும் செய்யக் கிடக்கோ?"

"ஓம் ஐயா, அம்மாவுக்கு. அவவின்ரை நாளும் தெரியாது."

அந்த அமாவாசையில் இரண்டு பேருக்கும் ஒன்றாகச் செய்தோம். பிண்டம் வைக்கச் சொன்னபோது அக்கா அதைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். நான் அவரது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.